மடியில் இருந்த துண்டு

எங்கள் மகள் பிளந்த உதட்டோடு பிறந்தாள். வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தன்று மீன் வெட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி என்று நான்கு வருடமாக என் மனைவியை ஏசிக்கொண்டிருந்தவன் நான்.

எங்கள் ஊர் நாயாற்றிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகுமுன், மகளை நான் தனியே எங்கள் பக்கத்து மருந்துச்சாலையில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியிடம் காட்டினேன். "பிறவியிலயே இருதயத்தில பழுது இருக்கு. மயக்க மருந்து தாங்கமாட்டாள். எல்லாம் எழுதியிருக்கிறன், இந்தத் துண்டை அங்க டொக்டரிட்டக் கட்டாயம் குடுங்கோ" என்றார் அவர். கொடுத்தால் உதட்டைத் தைக்கமாட்டார்கள் என்று அதை இடுப்புச் சாரத்து மடியில் செருகிக்கொண்டேன். நாலடி நடந்தாலே களைத்துக் குந்திவிடுவாள் என்பதால், ஆஸ்பத்திரியில் அவளை நிலத்தில் இறக்கவேயில்லை.

மயக்கத்துக்கு ஈதர் கொடுக்கும் இளம் டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்: "விளையாடேக்க களைக்கிறவளோ? அழுதால் நீலம் பாரிக்கிறதோ?"

"இல்லை ஐயா. நல்லா ஓடித்திரியிறவள்."

ஒரு மணித்தியாலத்தில் அவர் கண் சிவந்து வெளியே வந்தார்.

"தைக்க முந்தியே இருதயம் நிண்டிட்டுது. அழுத பிள்ளையின்ர நெஞ்சை வடிவாக் கேக்காமல் விட்டிட்டன். என்னிலதான் பிழை. மன்னியுங்கோ அம்மா" என்று என் மனைவியிடம் கைகூப்பினார்.

துண்டு என் மடியில்தான் இருந்தது.

"உங்களில பிழையில்லை ஐயா," என்றாள் அவள். "நான்தான் கிரகணத்தில மீன் வெட்டினனான்."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

தன்னில்தான் பிழை என்று நம்பியபடியே போன மாதம் என் மனைவி கண்ணை மூடினாள். இதை எழுத எனக்கு இப்போதுதான் துணிவு வந்திருக்கிறது.