எங்கள் சந்தின் ஒலிபரப்பு நிலையம்

போன சனிக்கிழமை காலை எங்கள் கதவைத் தட்டிய பெண்ணின் கையில் அட்டையும் பேனாவும் இருந்தன. அவ்வளவுதான்... என் மனைவி செண்பகம் உள்ளே ஓடினாள். ரேடியோவின் மேல் ஒரு சிவப்புத் துணி. துணியின் மேல் பிள்ளையார். பிள்ளையார் முன்னால் இரண்டு செம்பருத்தி. அரை நிமிடத்தில் ரேடியோ சாமி மேடையாகிவிட்டது.

"எங்க வீட்டுல ரேடியோ இல்லம்மா."

அந்தப் பெண் இன்னும் கேள்வியே கேட்கவில்லை!

ரேடியோ வைத்திருப்பவர்கள் எடுக்க வேண்டிய லைசென்ஸைச் சோதிக்க வந்தவள் என்று செண்பகம் நினைத்துவிட்டாள். பயத்துக்குக் காரணம் நான்தான். புதுப்பிக்கிறேன், புதுப்பிக்கிறேன் என்று ஏழு மாதமாக இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன்.

வந்தவள் பெயர் ஜமீலா. பல்கலைக்கழக மாணவி. ஊரில் ஒரு செய்தி எப்படிப் பரவுகிறது என்று ஆராய்கிறாளாம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் இருபத்தாறு வீடுகளும் ஏறி இறங்கிவிட்டாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில் – ரேடியோ இல்லை. சாயங்காலம் ஆனால் எங்கள் சந்து பாடுவது பஸ் ஸ்டாப் வரை கேட்கும் என்பது வேறு விஷயம்.

"ரேடியோவே இல்லாத இடத்துல என்ன ஆராய்ச்சி, தமிழாளுங்க பகுதிய விட்டுடுன்னு புரொபசர் சொல்றாரு சார். திங்கட்கிழமை கடைசி நாள்" என்றாள். ஒரு வருட உழைப்பு.

செண்பகம் காப்பி கொடுத்தாள். உண்மையைக் கொடுக்கவில்லை. நானும்தான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

கெட்டிக்காரப் பெண்! காப்பியைக் குடித்துவிட்டுக் கேள்வியை மாற்றிக்கொண்டாள். போன வாரம் தண்ணீர் நிறுத்தும் நேரத்தை மாற்றினார்கள் அல்லவா? அதை உங்களுக்கு யார் சொன்னார்கள்? இதை மட்டும் கேட்டுக்கொண்டு மறுபடியும் வீடு வீடாகப் போனாள்.

ஞாயிறு சாயங்காலம் பெரிய தாள் ஒன்றை எங்கள் தரையில் விரித்தாள். வீட்டுக்கு ஒரு புள்ளி. யார் யாருக்குச் சொன்னார்களோ, அவர்களுக்கு நடுவே ஒரு கோடு. நான் குனிந்து பார்த்தேன்... அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எந்தக் கோட்டைப் பிடித்துப் போனாலும் அது எங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பியிருந்தது. செண்பகத்திடமிருந்து! கைக்குழந்தை வைத்திருக்கும் மாடி வீட்டுக்காரி இவள் சொல்லித்தான் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள். மூலையில் செருப்புத் தைக்கும் சீனப் பெரியவருக்கு இவள் மலாயில் சொல்ல, அவர் தம் மொழியில் அடுத்த சந்துக்கே சொல்லியிருக்கிறார். பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

"அக்கா, உங்களுக்கு யாரு சொன்னா?"

செண்பகம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்ப் பிள்ளையாரை இறக்கி வைத்தாள். துணியை எடுத்தாள்.

"இதுதான் சொல்லுச்சு. லைசென்ஸ் இல்ல. எழுதிக்கம்மா."

"நான் யாரு பேரையும் எழுத மாட்டேன்க்கா."

"அப்பிடின்னா மத்தவங்களும் சொல்லுவாங்க லா. இரு."

சன்னல் வழியாக எதிர்வீட்டுக் கமலாவிடம் இரண்டு வார்த்தை. 'நம்ம பொண்ணுதான், பயப்படாதே' – அவ்வளவுதான். கால் மணி நேரம் ஆகியிருக்காது. முதலில் ஒரு ரேடியோ பாடியது. பிறகு மாடியில் ஒன்று. பிறகு சந்து முழுவதும்... ஜமீலா அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எத்தனை கம்பம் நட்டு எத்தனை கம்பி இழுத்தால் இந்த வேகம் வரும்?

அவள் திரும்பி வந்ததும் மெதுவாகக் கேட்டேன் – பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்கும் உங்கள் படத்தில் கோடு உண்டா?

அதையும் வீடு வீடாகக் கேட்டு வைத்திருந்தாள். கோடு நிறைய இருந்தது. எல்லாம் செண்பகம் படித்துச் சொன்னது.