உரிக்க முடியாத அனுமதித் தாள்

லேமினேஷன்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருபத்தாறு வருஷமாகக் கடை. உள்ளே ஒருவர் நிற்கலாம், இரண்டாமவர் வந்தால் இடிக்கும். பலகையில் ஒரே வரி: ‘உரிந்தால் பணம் வாபஸ்.’ இதுவரை யாரும் வாபஸ் கேட்டு வந்ததில்லை. வீட்டிலும் தொழில் பக்தி குறையவில்லை. மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, மகள் ஒன்றாம் வகுப்பில் வரைந்த யானை எல்லாமே பளபளவென்று சாகாவரம் பெற்றிருந்தன. காய்கறிப் பட்டியல் மட்டும் தப்பித்தது. மனைவி அதை வாயால் சொல்லிவிடுவார்.

அந்த யானை வரைந்த மகள் வெளிநாட்டில் தானாகவே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். அப்பா இரண்டு வருஷம் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு இளகினார். மகள் கேட்டது ஒன்றே ஒன்று: வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவுத் திருமணம், சாட்சிக் கையெழுத்து அப்பாவே போட வேண்டும்.

முதல் வெளிநாட்டுப் பயணம். ஏஜென்ட் இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டுவிட்டார். ஆகவே நடுவழி நாட்டில் இறங்கி, பெட்டியை எடுத்து, மறுபடி வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும். அங்கே சில மணி நேரம் கால் வைக்க ஆளுக்கொரு அனுமதித் தாள். அதன் அடியில் பொடி எழுத்தில், ‘கசங்காமல், கிழியாமல் கொண்டுவரவும்’ என்று இருந்தது. அவரிடம் போய் யாராவது இப்படிச் சொல்வார்களா?

மனைவி தன் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “என் காகிதத்துல கைய வச்சீங்க, நான் வரவே மாட்டேன்.” அவர் தன்னுடையதைத் தடித்த உறையில் வைத்து, ஒருமுறைக்கு இருமுறை மெஷினில் விட்டு எடுத்தார்.

நடுவழி விமான நிலையத்தில் அதிகாரி மனைவியின் கசங்கிய தாளைப் பிரித்து முத்திரை குத்தினார். அடுத்தது இவருடையது. மை பிளாஸ்டிக்கில் நீந்தியது. அதிகாரி கட்டைவிரலால் தொட்டார். முத்திரை விரலுக்கு வந்துவிட்டது. இன்னொரு முறை குத்தினார், இன்னொரு முறை விரல். கடைசியில், உறையைப் பிரித்துக்கொண்டு வா என்று சைகை காட்டினார்.

லேமினேஷன்காரர் ஓரமாக உட்கார்ந்து நகத்தால் முயன்றார், சாவியால் முயன்றார், பல்லாலும் கடித்துப் பார்த்தார். தன் வேலையை முதன்முதலாக வாடிக்கையாளரின் இடத்திலிருந்து பார்க்கிறார். ஒரு குறை சொல்ல முடியவில்லை.

“தொழில்ல இவ்வளவு நேர்மை ஆகாதுங்க,” என்றார் மனைவி.

புதுத் தாள் மறுநாள்தான் கிடைக்குமாம். அடுத்த விமானத்துக்கோ இரண்டு மணி நேரம்தான். நீயாவது போ என்றார் அவர்.

“நீங்க வரலன்னா அவ என்ன நெனப்பான்னு தெரியும்ல?”

தெரியும். கைப்பையை எடுத்து மனைவியின் தோளில் மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, அப்பாவின் இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார்.

அவர் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை மாலை. மகள் கதவைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டாள். அப்பா தாளுக்குப் பிளாஸ்டிக் போட்டதால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்பது அவளுக்கு வந்திருந்த சேதி. பள்ளிக்கு மட்டம் போடுகிற பிள்ளைகூட இதைவிடக் கௌரவமாகப் பொய் சொல்லும்.

“வர மனசில்லன்னா நேராவே சொல்லியிருக்கலாம்பா.”

அவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். ஓரமெல்லாம் பல் தடம். மகளைத் தாண்டி, பின்னால் நின்றவனிடம் நீட்டினார். அவன் முனையைப் பிடித்து இழுத்தான். நகம் போட்டான். சமையலறைக்குப் போய்க் கத்தியோடு வந்து, கத்தியை வைத்துவிட்டு விரலைச் சப்பினான்.

“வரலையே,” என்றான்.

“வராது மாப்பிள்ளை.” பெருமை அவரை மீறி வந்துவிட்டது.

இரண்டு வருஷமாக அவர் வாயில் அவன் ‘அந்தப் பையன்’தான். மகள் தாளை வாங்கி, பல் தடங்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். “பல்லு வலிக்குதாப்பா?” என்று கேட்டாள்.

இந்தச் சந்தடியில், மேஜைமேல் கிடந்த திருமணச் சான்றிதழை மனைவி சத்தமில்லாமல் எடுத்து, நாலாக மடித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.