தண்ணீரைக் கூட்டிய சாயங்காலம்

எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டாலே குரல் உள்ளே போய்விடும். அப்படிப்பட்டவள் இன்னொருத்தியின் வாழ்க்கையைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னபோது இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. மிச்சம் உள்ளேயே கிடக்கிறது.

முதலில் கண்ணில் வருவது ஒரு ஜோடி ஈர ஷூ. ஓட்டக்காரிகள் போடும் ஆணி வைத்த ஷூ, சாதாரண ஷூவை விட மெலிசு. தண்ணீர் உள்ளே புகுந்தால் உடனே வெளியேற வேண்டும் என்பதற்காக வலை மாதிரி நெய்திருக்கும். திருவனந்தபுரத்தில் வீராங்கனைகள் தங்கிப் பயிற்சி எடுக்கும் ஒரு விடுதியில் நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த ஷூக்களுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஈரம் எடுப்பதும் என் வேலையில் ஒன்றாக இருந்தது. என் வீட்டுக்காரர் தம்பானூரில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தார். அங்கே தங்கும் ஆட்கள் விட்டுப்போகும் தமிழ்ப் பேப்பர்களை எனக்காக எடுத்துவருவார். அவற்றைத்தான் திணிப்பேன். சீனியர் தன் ஷூவிலிருந்து பேப்பரை உருவி, மடியில் வைத்து நீவி, எழுத்துக்கூட்டிப் படிப்பாள். "அக்கா, இன்னிக்கு எனக்கு இடது கால்ல ராசிபலனாக்கும். பயணம் கைகூடுமாம். வலது கால்ல சவுளிக்கடை விளம்பரம்."

சீனியர் என்பது அவள் பெயரில்லை. முகாமில் இருந்தவர்களில் மூத்தவள் என்பதால் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவளுடைய ஆட்கள் நாகர்கோவில் பக்கம். அப்பா கிழக்கேகோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதினார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவள். தமிழ் சரளமாகப் பேசுவாள், படிக்கத்தான் தடுமாறுவாள். அந்த மதிலுக்குள் என்னோடு தமிழ் பேச அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அவர்கள் ஓடியது ஸ்டீப்பிள்சேஸ் என்ற ஓட்டம். மைதானத்தை ஏழு சுற்றுக்கும் கூடுதலாக ஓட வேண்டும், வழியில் கனமான மரத்தடைகளைத் தாண்ட வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை ஒரு தடையை ஒட்டித் தண்ணீர்க்குழி இருக்கும். தடைக்குப் பக்கத்தில் ஆழம், போகப்போகச் சரிந்து மேலேறித் தரையோடு சேரும். ஓடிவந்து, கட்டை மேல் ஒரு காலை வைத்து உந்தி, குழியின் ஆழமில்லாத ஓரத்தில் இறங்க வேண்டும். "ஒரு கால் நனையணும், மத்தக் கால் நனையக் கூடாது. அவ்வளவுதான் அக்கா இதுல உள்ள வித்தை" என்பாள். இன்னொன்றும் சொல்வாள்: "ஹர்டில்ஸ்னா இடிச்சா அது விழும். இது விழாது. நாமதான் விழணும்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

நான் திண்டுக்கல் பக்கம் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் மலையாளம் காதில் விழுந்தது. சேர்ந்த முதல் வாரம் வயநாட்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி என்னிடம், "சேச்சி, என்டெ முறி தூக்கணும்" என்றாள். முறி என்றால் அறை என்பது அதற்குள் தெரிந்திருந்தது. அறையை எப்படித் தூக்குவது? "ஒத்தையாவா?" என்று கேட்டுவிட்டேன். அங்கே தூக்குவது என்றால் பெருக்குவது. அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். ஒரு மாதம் வரை மற்றப் பெண்களும் என்னைக் காணும்போதெல்லாம் இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி, பாரம் தூக்குகிறவள் மாதிரி முக்கிக் காட்டினார்கள். சீனியர்தான் எனக்காகப் பரிந்து பேசினாள். "இவளுக உங்க ஊருல போயி, ஒரு ஆம்பிளகிட்ட 'சம்சாரிக்கணும்'னு சொல்லட்டு அக்கா. அவன் பொண்டாட்டி வாரியலோட வருவா." மலையாளத்தில் சம்சாரிப்பது என்றால் பேசுவதுதான்; வாரியல் என்றது விளக்குமாற்றை. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் எனக்குள் வந்துவிட்டது. யார் எது சொன்னாலும், புரிந்தாலும் புரியாவிட்டாலும், தலையாட்டினேன். திரும்பக் கேட்பதை விட்டேன்.

அந்த வருடம் ஒரு தேர்வுப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடப்பதாக இருந்தது. முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் நாட்டுக்காக வெளிநாட்டில் ஓடப் போவார்கள். சீனியருக்கு அது மூன்றாவது முயற்சி. முதல் தடவை காய்ச்சல். இரண்டாவது தடவை மூன்றாவதாக வந்தாள், இரண்டாவது வந்தவளின் முதுகை ஒட்டிக்கொண்டு. அப்போது அவளுக்கு முப்பது நெருங்கியிருந்தது. பயிற்சியாளர் சார் நல்ல மனிதர், ஆனால் எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர். சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "இது கழிஞ்ஞா நினக்கு வேறெ இல்ல, கேட்டோ" என்றார். இது முடிந்தால் உனக்கு வேறு இல்லை என்று. அவள் இட்லியைப் பிட்டபடி, "அறியாம் சார்" என்றாள், தெரியும் என்று. எனக்கும் தெரியும் என்ற அர்த்தத்தில் நான் தலையாட்டிக்கொண்டு தட்டுகளை எடுத்தேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், பெண்கள் எல்லாம் அறைக்குப் போன பிறகு, சார் சைக்கிளில் ஏறிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "சேச்சீ, வாட்டர் ஜம்பிலெ வெள்ளம் நல்லோணம் கூட்டிக்கோ. ராவிலெ இவர் சாடும்." காலையில் இவர்கள் தாண்டுவார்கள், தண்ணீரை நன்றாகக் கூட்டு என்கிறார். எங்கள் ஊரில் கூட்டுவது என்றால் பெருக்குவது. பிறந்ததிலிருந்து வாசல் கூட்டியவள் நான், சம்பளம் வாங்குவதும் கூட்டுவதற்குத்தான். பத்து நாள் முன்பு குழியில் பாசி பிடித்தபோது தண்ணீரை வடியவிட்டுப் பெருக்கச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் பம்புக்காரர் வந்து நிரப்பினார். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். அவர் சொன்னது குழாயைத் திறந்து தண்ணீரை அதிகமாக்கு என்பது. மலையாளத்தில் அதுதான் கூட்டுவது. ஒரு நொடி நின்று, எதற்கு சார் என்று கேட்டிருந்தால் கையால் உயரத்தைக் காட்டியிருப்பார்.

நான் குழியின் வடிகால் வால்வைத் திறந்தேன். தண்ணீர் சுழித்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி, நீளக் கம்பு கட்டிய விளக்குமாற்றால் இருட்டும் வரை கூட்டினேன். இலை, சேறு, செத்த தவளை ஒன்று, எல்லாம் வாரினேன். பாசி முழுக்கப் போகவில்லை, குழியின் அடியில் பதித்த ரப்பர் விரிப்பில் மெல்லிய தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அடியில் விரல் கனத்துக்குத் தண்ணீர் தேங்கியது. அது தானே வடியட்டும் என்று வால்வை மூடாமல் வந்தேன். அன்று பஸ்ஸில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சீனியர் ஓடப்போகிற இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறேன் என்று.

காலையில் நான் போனபோது வெளிச்சம் சரியாக வரவில்லை. பெண்கள் ஓட ஆரம்பித்திருந்தார்கள். பம்புக்காரர் இன்னும் வரவில்லை. இரவு முழுக்க விட்டும் வடிகால் வாயில் இலை மாட்டித் தண்ணீர் வடியாமல் நின்றிருந்தது. அதே விரல் கனம். அதில் வானம் தெரிந்தது. மேலிருந்து பார்க்கிறவளுக்கு நிறைந்த குழி மாதிரிதான் இருந்திருக்கும். முன்னால் வந்தது சீனியர். வளைவில் திரும்பித் தடையை நோக்கி வந்தாள். நிரப்பாமல் தாண்டுகிறார்களே என்று எனக்குத் தோன்றியது. சத்தம் போட வாயைத் திறந்தேன். சாருக்குத் தெரியாததா, மறுபடியும் எல்லாரும் சிரிப்பார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதற்குள் அவள் கட்டை மேல் இருந்தாள்.

தினமும் கேட்கிற சளப்பென்ற சத்தம் வரவில்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது மாதிரி ஒன்று கேட்டது. பாசியில் கால் வழுக்கி, கணுக்கால் மடங்கி, உடம்பு முழுதும் அதன் மேல் இறங்கியது. அவள் உட்கார்ந்து, காலைப் பார்க்காமல், சுற்றிலும் கையால் தடவினாள். "வெள்ளம் எவிடெ?" என்று கேட்டாள். தண்ணீர் எங்கே என்று.

வால்வு பழுது என்று சார் முடிவு செய்தார். பம்புக்காரரை அவர் திட்டியபோது நான் மூன்று அடி தள்ளி நின்றேன். பிறகு புது வால்வு போட்டார்கள். இன்றும் அதைத் திறப்பதும் மூடுவதும் நான்தான்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு முறிந்து, நரம்பும் அறுந்திருக்கிறது, ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். கட்டில் ஓரத்தில் நின்று, "சார் கூட்டுன்னாரு. நான் பெருக்கச் சொல்றாருன்னு நெனச்சுத் தொறந்துவிட்டுட்டேன்" என்றேன். இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள், புரிய நேரம் ஆகவில்லை. சிரிக்கப்போகிறவள் மாதிரி உதடு கோணியது.

"ஒரு வாட்டி கேக்கக் கூடாதா அக்கா? ஒரே ஒரு வாட்டி?"

தலையாட்டினேன்.

"தலையாட்டாதீங்கோ" என்றாள். "போங்கோ. இப்ப உங்க மொகத்தப் பாக்க வய்யா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அவள் பிறகு ஓடவில்லை. விடுதி அறையைக் காலி செய்ய அவள் தங்கைதான் வந்தாள். போன வருடம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது சீனியரைப் பார்த்தேன். கூட்டத்தில் எல்லாரையும் முதலில் ஏறவிட்டு, கம்பியைப் பிடித்து, இடது காலைப் படியில் வைத்து, வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் ஒரு பழவண்டிக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வாட்டி கேட்டிருக்கலாம். பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். இத்தனை வருடத்தில் நான் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அப்போது தெரிந்தது.

அவள் விழுந்ததற்கு மறுநாள் போட்டி நடந்தது. விடிவதற்கு முன்பே குழியை நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினோம். ஒன்பது பேர் ஓடினார்கள். வயநாட்டுப் பெண் இரண்டாவதாக வந்தாள். சாயங்காலம் நான் மைதானத்தைக் கூட்டினேன்.