மைதான ஓரத்தில் முனியசாமி அண்ணன் போட்ட சத்தம்

போன செவ்வாய்க்கிழமை சாயல்குடியில் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உப்பூரிலிருந்து போன். முனியசாமி அண்ணனின் மனைவி லட்சுமி அக்கா தானாக என்னைக் கூப்பிடவே மாட்டார். அவர் குரலைக் கேட்டதுமே மிளகாயை விட்டுவிட்டு எழுந்தேன். "தம்பி, ஒங்க அண்ணன் போயிட்டாருப்பா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்குங்கூட வரல" என்றார்.

ராணுவத்தில் எங்களோடு ரக்பி ஆடியவர்களுக்கு முனியசாமி அண்ணனைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டில் நடந்த அந்த ஆட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறீர்கள். அவர் பயந்துவிட்டார் என்றுகூட ஒருவர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் இருவரையும் இந்திய அணிக்கு எடுத்திருந்தார்கள். பிரிவுச் சுற்றில் எதிரே நின்றவர்கள், ஆத்தாடி, ஒவ்வொருவனும் மலை மாதிரி. இடைவேளைக்கு முன்பே ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது. போர்டில் அவர்கள் புள்ளி ஏறிக்கொண்டே இருந்தது, எங்களுக்கு முட்டை. நான் மாற்று ஆட்டக்காரனாக வெளியே உட்கார்ந்திருந்தேன். தோற்பது எனக்குக் கவலையே இல்லை.

ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன், ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தலைகளைக் கோத்து, முட்டித் தள்ளுவார்கள். மொத்தப் பாரமும் முன்வரிசைக்காரன் கழுத்தில் இறங்கும். பழகாதவன் நின்றால் கழுத்து முறிந்துவிடும். அண்ணன் முன்வரிசை. அவருக்கு மாற்று ஆளாக வந்தவனுக்குக் காய்ச்சல் என்று அவன் இடத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். நானோ ஓரத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். ஊரில் என் மனைவி நிறைமாதம். ஒவ்வொரு முறை ஸ்க்ரம் சரிந்தபோதும், "எந்திரிண்ணே, எந்திரிண்ணே" என்று வாய்விட்டே முனகினேன்.

கடைசியில் அவர் எழவில்லை. தோள்மூட்டு விலகிவிட்டது. ரெஃப்ரி கேட்டால் முன்வரிசையில் பழக்கம் உண்டு என்று சொல்லச் சொல்லி, மேனேஜர் என் முதுகில் தட்டி அனுப்பினார். பழகிய ஆள் இல்லையென்றால் இரு அணியும் தள்ளாமல் சும்மா கோத்து நிற்க வேண்டும்; அது நாட்டுக்கே கேவலமாம். ரெஃப்ரி கேட்டார். நான் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டப் போனேன்.

"நோ சார்! நோ டிரெயினிங்! கழுத்து போயிரும் சார்!"

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அண்ணன்தான் கத்தினார். ரெஃப்ரிக்குத் தமிழ் புரிந்திருக்காது, முதல் பாதி புரிந்தது. அதன்பிறகு ஸ்க்ரமில் யாரும் தள்ளவில்லை. மேனேஜர் எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் அண்ணனை எந்த அணிக்கும் கூப்பிடவில்லை. அப்படித்தான் ஆகும் என்று தெரிந்து, இந்தியாவில் இறங்கி ஊருக்கு வரும்போதே ரயிலில், "என்னாலதானண்ணே ஒங்களுக்கு இப்படி" என்று புலம்பினேன். "ஏலே, சும்மா கெட. ஆட்டம் போனா போவுது. ஒன்னைய மூட்டையாக் கட்டிக் கொண்டுபோயி ஒம் பொண்டாட்டிகிட்ட நான் என்னத்தலே சொல்றது?" என்று சீறினார். கையில் கட்டுப் போட்டிருந்ததால் நான்தான் அவருக்கு வடையைப் பிட்டு ஊட்டினேன்.

உப்பூரில் பாடை தூக்கியபோது முன்பக்கம் நான் நின்றேன். அண்ணன் நல்ல கனம். பாதி வழியில் அவருடைய மருமகன், "மாமா, குடுங்க, தோள் மாத்திக்கிறேன்" என்று வந்தான். நான் கொடுக்கவில்லை. அவர் எனக்கென்று விட்டுப்போனது இந்தக் கழுத்து ஒன்றுதான். சுடுகாடு வரைக்கும் அதிலேயே சாய்ந்து வரட்டும் என்று நடந்தேன்.