வைக்கோல்போரில் விழுந்த மாவலிப் பொறி

எழுபதுகளின் தொடக்கத்தில், நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நடந்தது இது. எனக்குப் பதினோரு வயது. மிராசுதாரிடம் கூலி உயர்வு கேட்டு, குறுவை அறுவடையிலிருந்தே எங்கள் தெரு முழுக்க வேலைநிறுத்தம். அப்பாதான் சங்கச் செயலாளர். அந்தத் தீபாவளிக்கு ஒரு மத்தாப்புக்கூட வீட்டுக்கு வரவில்லை. நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகைக்கு வருடாவருடம் அப்பாவே மாவலி செய்வார். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கிப் பொடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவே வைத்துக் கயிறு கட்டுவார். நெருப்பு வைத்துச் சுழற்றினால் பொறி கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆனால் சுழற்றுவதெல்லாம் அண்ணன்கள்தான். எனக்கு அகல் ஏற்றும் வேலை மட்டும். இந்த வருடம் முதல் மாவலி எனக்கே என்று அடம்பிடித்து வாங்கிவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரம். சுழற்றினேன் பாருங்கள்! என்னைச் சுற்றித் தங்கமாய் ஒரு வட்டம். தெருவே என்னைப் பார்க்கிறது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சுழற்றிக்கொண்டே வாய்க்காலைத் தாண்டி, மிராசுதார் களம் வரை போய்விட்டேன்.

ஒரு பொறி பறந்து அவர் வைக்கோல்போரில் விழுந்தது. முதலில் புகை, அப்புறம் குப்பென்று பற்றிக்கொண்டது.

அப்போதெல்லாம் எங்கே போர் எரிந்தாலும் சங்கத்துக்காரன் கொளுத்தினான் என்றுதான் கேஸ். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்கே தெரிந்தது.

களத்தில் ஓர் அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பதிலாக வேலை செய்ய மிராசுதார் வெளியூரிலிருந்து கூட்டி வந்த ஆட்களில் ஒருவர். எங்கள் தெருவில் யாரும் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவர் ஈரச்சாக்கோடு ஓடி வந்து தீயை அடித்து அணைத்தார். அடுத்த நொடி என் மாவலியைப் பிடுங்கி வாய்க்காலில் அமுக்கினார்.

அதற்குள் இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் மிராசுதாரின் காரியக்காரரும் ஓடி வந்துவிட்டார்கள். யார் வைத்த தீ என்று காரியக்காரர் கத்தினார். அப்பா வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“நான்தாங்க. அடுப்புக் கொள்ளிய அணைக்காம வீசிட்டேன்.”

கண்டபடி திட்டு. காலையில் முதல் பஸ்ஸில் அக்காவை ஊர் போய்ச் சேரச் சொல்லிவிட்டார்கள்.

விடிந்ததும் அம்மா பொரி உருண்டையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து என்னை பஸ் நிறுத்தத்துக்கு விரட்டினாள். மூச்சிரைக்க ஓடினேன். நல்லவேளை, பஸ் வரவில்லை. அக்காவிடம் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே அழுதேன். அவர் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு சிரித்தார்.

“அடுத்த வருசம் போர் இல்லாத பக்கமா நின்னு சுத்து, பாப்பா.”

பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எந்தச் சண்டையிலும் எதிர்ப்பக்கம் நிற்பவரை எதிரி என்று சொல்ல அன்றிலிருந்து எனக்கு வாய் வருவதில்லை.