சருகை வாராத மூலை

மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு விடுதியில் தோட்ட வேலை செய்கிறேன். வேலியை ஒட்டி நந்தியாவட்டை வரிசை. அதன் இலையைத் தின்னும் பச்சைப் புழுவுக்குத் தலைக்குப் பின்னால் நீலக் கண் போல இரண்டு பொட்டு இருக்கும். வளர்ந்தால் பச்சை அந்துப்பூச்சி. நான் சேர்ந்த புதிதில் செடிக்கு நாலைந்து இருக்கும், மருந்தடித்தோம். இப்போதெல்லாம் வருடத்துக்கு ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் அதிகம்.

பூச்சிகளை ஆராயும் கல்லூரி ஆசிரியை ஒருவர் வந்தார். இந்தக் கரையோரம் முழுக்க அது குறைந்துவிட்டது என்றார். ஓரத்து நான்கு செடிகளுக்காவது மருந்தடிக்காமல் விட சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கினார். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

ஒன்பது புழு வந்தது. கொழுத்து, பழுப்பு நிறமாகி, ஒரே வாரத்தில் ஆறு காணாமல் போயின. மைனா தின்றிருக்கும் என்று நினைத்து ஆசிரியைக்குப் போன் செய்தேன்.

"பயப்படாதீங்கக்கா. கூடு கட்டக் கீழ இறங்கியிருக்கும். சருகுக்குள்ளதான் இருக்கும்" என்றார் சந்தோஷமாக.

 தினமும் காலையில் அந்தச் சருகை வாரிப் பின்பக்கம் கொளுத்துவது நான்தான். சரி டீச்சர் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அங்கே பெருக்கவில்லை. மீதி மூன்றும் இறங்கின. நாலாம் நாள் சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னாக்கா, இங்க மட்டும் குப்ப அப்டியே கீது?"

"பூச்சி கூடு கட்டிகினு கீது சார்."

"குப்பைலயா? வாடக குடுக்குதா?" என்று சிரித்தபடி சருகைக் காலால் தள்ளப் போனார்.

"வாணாம் சார்! ஆறு புழுவ நானே கொளுத்திட்டேன்."

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. அவர் காலை இழுத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன்.

"சரி, சுத்திக் கயிறு கட்டு. ஆனா மொதலாளி கேட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். நீதான் பேசணும்."

அன்றே ஆசிரியைக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். எந்தெந்த நாள் கொளுத்தினேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "மீதி மூணையும் தொடாதீங்கக்கா" என்றார்.

பத்து நாளாகிறது. ஒன்றும் வெளியே வரவில்லை. விலக்கிப் பார்க்க விரல் துடிக்கிறது, தொடவில்லை. சனிக்கிழமை முதலாளி வருகிறார். வணக்கத்துக்கு மேல் அவரிடம் பேசியதில்லை. வீட்டுக்குப் போகும் திருப்போரூர் பஸ்ஸில் அவரிடம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டவில்லை.