மலைக்கு ஸ்டெல்லா போட்ட சிவப்புக் கோடு

இயக்குநருக்கும், ஸ்டெல்லாவை அறிந்த சக ஊழியர்களுக்கும்:

1. சென்ற செப்டம்பர்: மலைக்கிராம மழை எச்சரிக்கை பற்றிய நம் அறிக்கையில் ஸ்டெல்லாவின் பெயர் இல்லை.

2. ஜனவரி: "ஆய்வுத் தரமற்றவை" என்று மழையளக்க அவர் வைத்த பாட்டில்கள் நிறுத்தப்பட்டன.

3. மார்ச், முதல் திங்கட்கிழமை: அவர் மறைந்த செய்தியை நம் அடையாறு அலுவலகம் எனக்குச் சொல்லவில்லை. நீலகிரியில் தேயிலை பறிக்கும் செல்வி தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னார்.

ஸ்டெல்லா பட்டினப்பாக்கத்து மீனவர் மகள். வானிலை அறிவியல் படித்தவர். மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண்ணாக நாம் அனுப்பிவந்த முன்னறிவிப்பைப் பார்த்ததும் கேட்டார்: "இன்னா சார் இது? இத்தினி மில்லிமீட்டர்னா, மலைல கீற அம்மா கொழந்தைய தூக்கிக்கினு ஓடணுமா, சோறு வடிக்கணுமா?"

மலைக்குப் போய், எந்த மழையில் எந்தச் சுவர் விரிந்தது என்று வீடுவீடாக விசாரித்தார். அந்த நாள்களின் மழையளவைத் தேயிலைத் தோட்டத்துப் பதிவேடுகளில் தேடினார். பிறகு ரங்கநாதன் தெருவில் சிவப்பு நகப்பூச்சு டஜன் கணக்கில் வாங்கினார். "இன்னாக்கா, கல்யாணமா?" என்றார் கடைக்காரர். "ஆமா நைனா, மலைக்கு!"

கழுத்து வெட்டிய பாட்டில்களை மலை வீடுகளின் முற்றத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் அந்தப் பூச்சால் ஒரு கோடு போட்டார். மழைநீர் அதைத் தொட்டால் மேட்டிலுள்ள பள்ளிக்கு ஏறிவிட வேண்டும்.

"நாம என்ன பழைய பாட்டில் வியாபாரமா பண்றோம்?" என்று சிரித்தீர்கள், இயக்குநர் அவர்களே.

"ஆமா சார். வாங்கிக்கினு போறவங்க உயிரோட இருப்பாங்க" என்றார் அவர்.

சென்ற ஆடியில், 'மிதமான மழை' என்று நாம் அறிவித்த நாளில், நண்பகலுக்குள் தண்ணீர் கோட்டைத் தொட்டது. செல்வி தட்டை அடித்து எல்லா வீடுகளையும் கிளப்பினார். நகர மறுத்த மாமியாரிடம், "கோடு தாண்டிருச்சு அத்தை, மிச்ச சண்டைய மேல போய்ப் போடுவோம்" என்றாராம்.

மாலையில் மண்சரிவு இறங்கியது, காலி வீடுகளின் மேல்.

நம் அலுவலகத்திலிருந்து ஸ்டெல்லா தொலைபேசியில் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பள்ளியிலிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தது. கடைசியாக மாமியார்: "இருக்கேன், குளிருது!" இதைவிடப் பெரிய ஆய்வு முடிவை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பவை அந்தக் குரல்கள்தான்.

இப்போது பக்கத்துச் சரிவின் குடியிருப்புகளும் கோடு கேட்டு எழுதியுள்ளன. அவற்றுக்கான அளவுகளை ஸ்டெல்லா கணக்கிட்டு முடித்த ஏடு, இயக்குநரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. ஜூனில் மழை தொடங்கும்.

அந்த ஏடு எப்போது வெளியே வரும்? மே பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். பதினாறாம் தேதி நான் கோடு போட மலைக்குப் புறப்படுகிறேன். விடுப்பு விண்ணப்பம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.